மெகா டிரைவ் ‘ஃபெலியோஸ்’ நாலாவது ஸ்டேஜோடு முடிந்துவிடுகிறது, கேசட் போலியா?

ஆயர்ஈத்தாம் பையன்:

வணக்கம். செகாவின் பழைய டிவி கேம் மெஷின் மெகா டிரைவை இன்னும் பரணில் ஏற்றாமல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

போன மாதம் பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில், பழைய கைக்கடிகாரம், ஸ்பேனர், மூடியில்லாத மிக்சி எல்லாம் பாயில் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் நாம்கோ கம்பெனியின் ‘ஃபெலியோஸ்’ கேசட் (கார்ட்ரிட்ஜ்) கிடைத்தது. ஜப்பான் கேசட். பெட்டியும் இல்லை, கையேடும் இல்லை. 70 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், பேசி 50க்கு வாங்கினேன். தெரியாதவர்களுக்காக: அப்போலோ பெகாசஸ் குதிரையில் பறந்துகொண்டே சுடுகிற கேம், திரை மேலிருந்து கீழே ஓடும், முதல் ஸ்டேஜ் முடிவில் பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசா வருவாள். 80களின் கடைசியில் ஆர்கேடில் வந்து, 1990இல் மெகா டிரைவுக்கு வந்தது.

மெஷின் என் மாமா அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் வாங்கியது. ஜப்பான் கேசட் நேராக உள்ளே போகும், ஆனால் பால் (PAL) டிவி முறைக்கான மெஷின். கேம் ஓடுகிறது, படமும் நன்றாக வருகிறது. பிரச்சினை என்னவென்றால் நாலாவது ஸ்டேஜ் முடிந்ததும் கேமும் முடிந்துவிடுகிறது. கடைசி வில்லன் டைஃபோனைப் பார்க்கவே இல்லை. அவன் சிறைபிடித்த ஆர்ட்டெமிஸை அப்போலோ காப்பாற்றினானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் இங்கே விற்ற பாதி கேசட் போலிதானே, ஸ்டேஜைக் குறைத்து ஏதாவது ரோம் சிப்பில் ஏற்றி விற்றிருப்பார்களோ என்று சந்தேகம்.

இன்னொன்று, யூடியூபில் பார்த்தால் இதே கேம் வேகமாக ஓடுகிறது, பாட்டும் விறுவிறுவென்று இருக்கிறது. என் வீட்டில் எல்லாம் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் நடப்பது போல இருக்கிறது. இதுவும் போலி என்பதற்கு அடையாளமா?

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தங்கை கேட்டாள்: “அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் இரட்டைப் பிள்ளைகள்தானே, இதில் ஏன் காதலியைக் காப்பாற்றப் போகிற மாதிரி போகிறான்?” எனக்குப் பதில் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், வீட்டில் மானம் போகிறது.

செந்தூல் ரயில்:

தம்பி, விற்றவரைத் திட்டாதீர்கள், கேசட் நல்ல கேசட்தான். நீங்கள் நோவிஸ் (புதியவர்) மோடில் விளையாடியிருக்கிறீர்கள். தலைப்புத் திரை வந்ததும் ஸ்டார்ட்டைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விடுவீர்கள் என்று நினைக்கிறேன், அப்படிப் போனால் நோவிஸ்தான் வரும். அதில் நாலு ஸ்டேஜோடு கதையை முடித்துவிடுவார்கள். அட்வான்ஸ்ட் (தேர்ந்தவர்) மோடைத் தேர்வு செய்து தொடங்குங்கள், மீதி எல்லாம் வரும், கடைசியில் டைஃபோனும் வருவான்.

எனக்கு இந்த ஏற்பாடு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. முழுக் காசு கொடுத்து வாங்கிய பிள்ளைக்கு “உனக்கு இவ்வளவுதான், போய்ப் பழகிவிட்டு வா” என்று பாதிச் சோறு போட்டு அனுப்புகிற வேலை. ஆனால் ஒரு நியாயமும் இருக்கிறது: அட்வான்ஸ்டில் நேராகக் குதித்தால் பாதிப் பேர் கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

ஏனென்றால் இந்தக் கேமின் உயிரே சார்ஜில்தான் இருக்கிறது. மற்ற சுடும் கேம் மாதிரி பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே போனால் முதல் ஸ்டேஜ் வரைக்கும் சமாளிக்கலாம், அதற்குமேல் முடியாது. பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அப்போலோ சுடமாட்டான், திரையில் பட்டை மட்டும் நிரம்பிக்கொண்டே வரும். அது நிரம்பும் வரை நீங்கள் நிராயுதபாணி. அந்த நேரத்தில் வருகிற குண்டையெல்லாம் குதிரையை இடமும் வலமும் ஓட்டித் தப்பிக்கவேண்டும், குதிரையோ சிறகை விரித்தால் திரையில் நல்ல இடத்தை அடைத்துக்கொள்கிறது. பட்டை நிரம்பியதும் பாஸின் (ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரியின்) நேர் கீழே வந்து பட்டனை விட்டால் அடி இடியாக விழும், உடனே அடுத்ததற்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒதுங்கவேண்டும். மெடூசாவிடம் இதைப் பழகிக்கொள்ளுங்கள், அவள்தான் இருப்பவர்களிலேயே நல்ல வாத்தியார்.

டர்போ பட்டன் வைத்த கன்ட்ரோலர் இருந்தால் டர்போவை அணைத்துவிடுங்கள். டர்போ பட்டனை விட்டு விட்டுத் தட்டுவதால் பட்டை ஏறவே ஏறாது. “இந்தக் கேமில் சார்ஜ் வேலை செய்யவில்லை” என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த வகைதான்.

பழைய சர்க்யூட்:

ஸ்டேஜ் விஷயத்தைச் செந்தூல் அண்ணன் சொல்லிவிட்டார். வேகம் குறைவதற்கும் போலிக்கும் சம்பந்தமில்லை. கேசட் நல்லதோ போலியோ, உங்கள் மெஷினில் இப்படித்தான் ஓடும்.

அந்தக் காலத்தில் நம் மலேசியா டிவி பால் முறை, நொடிக்கு 50 தடவை திரை புதுப்பிக்கும். உங்கள் மாமா வாங்கிய மெஷினும் அதற்கு ஏற்ப 50இல் ஓடுகிறது. கேமை எழுதியவர்கள் ஜப்பான் டிவியை மனதில் வைத்து 60 என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் காலத்துக் கேம்களில் பெரும்பாலும் எல்லாமே திரை புதுப்பிக்கும் கணக்கில்தான் நகரும்: குதிரை, குண்டு, சார்ஜ் பட்டை, பாட்டு எல்லாம். ஆக மொத்தத்தில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஜப்பானில் 60 நொடியில் முடிகிற பாட்டு உங்கள் வீட்டில் 72 நொடி ஓடும். படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியுமே, படம் கொஞ்சம் அமுங்கின மாதிரியும் இருக்குமே, அதுவும் இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 80களில் பிறந்த நம் ஆட்கள் பலருக்கு அந்த மெதுவான வேகம்தான் சரியான வேகம். என் நண்பன் 60இல் ஓடுவதைப் பார்த்துவிட்டு “கேமை யாரோ கெடுத்துவிட்டார்கள்” என்றான்.

மாற்ற வழி உண்டு. மெஷினுக்குள் போர்டில் ஜேபி1 முதல் ஜேபி4 வரை ஜம்பர்கள் (இணைப்பை மாற்றும் இடங்கள்) இருக்கும். முதல் இரண்டும் மொழிக்கு, அடுத்த இரண்டும் 50ஆ 60ஆ என்பதற்கு. அதில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்துவிட்டால் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் பால் மெஷினை 60க்கு மாற்றி மஞ்சள் ஏவி கேபிளில் போட்டால் சில டிவிகளில் நிறம் போய்க் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நிறங்களைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபி கேபிள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அதற்குத் தகுந்த டிவியோ கன்வெர்ட்டரோ வேண்டும், அது தனிச் செலவு.

போலியா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றால் கேசட்டைத் திறந்து பாருங்கள். சாதாரண ஸ்குரூடிரைவர் ஏறாது, கேசட் திருகுக்கான 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் முனை வேண்டும், ஆன்லைனில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. உள்ளே கால் வைத்த சிப் இருந்து அதன்மேல் எழுத்து ஒழுங்காக அச்சாகியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிப்பே தெரியாமல் கறுப்புப் பிசின் ஊற்றி வட்டமாக மூடியிருந்தால் போலி. திறந்த கையோடு தங்க நிறப் பற்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், பஞ்சு பழுப்பாக வருவது நிற்கும் வரை. வாயால் ஊதாதீர்கள். ஊதி ஊதித்தான் பாதி கேசட் செத்தது, நம் ஊர் ஈரக்காற்று போதாதென்று எச்சில் ஈரம் வேறு.

பிறைக்காரன்:

ஃபெலியோஸ் எல்லாம் ஒரு கேமா என்று சண்டை போடத்தான் வந்தேன். கிரேக்கப் புராணத்தில் சுடும் கேம் வேண்டுமென்றால் கிட் இக்காரஸ் இருக்கிறது. 1986இல் நின்டெண்டோ ஜப்பானில் டிஸ்க்கில் விட்டது. எங்கள் வீட்டில் நின்டெண்டோ மெஷினின் நகலான மைக்ரோ ஜீனியஸில் யாரோ கேசட்டாக்கிய பதிப்பைப் போட்டுத்தான் பார்த்தோம். சின்னச் சிறகு வைத்த பிட் என்ற பையன் வில்லை வைத்துக்கொண்டு பாதாளத்திலிருந்து மேலே மேலே ஏறுவான். திரை மேலே நகர்ந்துவிட்டால் சற்றுமுன் நின்ற தரையே இருக்காது, கீழே விழுந்தால் சாவு. முதல் ஸ்டேஜிலேயே அழவைத்துவிடுவார்கள்.

அதில் ஒரு கத்தரிக்காய் மந்திரவாதி வருவான் பாருங்கள், அவன் எறிவது பட்டால் பிட் கத்தரிக்காயாகிவிடுவான், அம்பு விட முடியாது. கோட்டைக்குள்ளேயே ஆஸ்பத்திரியைத் தேடிப் போய்க் குணமாகிவிட்டு வரவேண்டும். எந்தக் கிரேக்கப் புராணத்தில் கத்தரிக்காய் வந்தது என்று கேட்காதீர்கள்.

செந்தூல் ரயில்:

பிறைக்காரரே, அது ஏறிக் குதிக்கிற கேம். கையில் வில் இருந்தால் சுடும் கேம் ஆகிவிடுமா?

பிறைக்காரன்:

கடைசி ஸ்டேஜ் போயிருக்கிறீர்களா? மூன்று புனிதப் பொருள்களையும் சேர்த்தபிறகு பிட்டுக்குச் சிறகு முளைத்துப் பறந்துகொண்டே சுடுவான், எதிரே மெடூசா. அது சுத்தமான ஷூட்டிங் கேம். அங்கே வரைக்கும் போனவர்களுக்குத்தான் தெரியும், ஹாஹா.

நூலகப் பூனை:

தங்கச்சி கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

அவள் சொன்னது சரி. அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் லீட்டோவுக்கும் சியூஸுக்கும் பிறந்த இரட்டையர். அப்போலோடோரஸ் பெயரில் இருக்கும் பழைய கிரேக்கப் புராணத் தொகுப்பில் ஆர்ட்டெமிஸ்தான் முதலில் பிறக்கிறாள், பிறந்தவுடன் தாய்க்கு மருத்துவச்சியாக நின்று தம்பியைப் பிறக்கவைக்கிறாள். அப்படிப்பட்டவளை, வேட்டைக்கே தெய்வமானவளை, சங்கிலியில் கட்டி ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் படம் காட்டி “காப்பாற்று” என்று பேசவைத்திருக்கிறார்கள். அவள் கையில் ஒரு வில்லைக் கொடுத்திருந்தால் டைஃபோன் கதையை அவளே முடித்திருப்பாள், நீங்கள் லோரோங் கூலிட்டுக்குப் போகவேண்டிய வேலையே இருந்திருக்காது.

எனக்கு இதைவிடப் பெரிய எரிச்சல் குதிரைமேல்தான். பெகாசஸ் யார்? மெடூசாவின் பிள்ளை. பெர்சியஸ் என்ற வீரன் அவள் தலையை வெட்டியபோது கழுத்திலிருந்து பிறந்த குதிரை அது. மெடூசா செத்தால்தான் பெகாசஸே உண்டு. அந்தக் குதிரைமேல் ஏறிப்போய் முதல் ஸ்டேஜிலேயே மெடூசாவைக் கொல்கிறார்கள்! பெற்ற தாயைக் கொல்லப் பிள்ளையையே வாகனமாக ஓட்டிக்கொண்டு போகிற இந்த விபரீதத்தை அந்தக் கம்பெனியில் ஒருவர்கூட யோசிக்கவில்லையா, அல்லது யோசித்தும் “குதிரை அழகாக இருக்கிறது, விடு” என்று விட்டுவிட்டார்களா தெரியவில்லை. பெகாசஸில் ஏறிப் பறந்து கைமீரா என்ற அரக்க மிருகத்தைக் கொன்றவன் பெல்லரோஃபோன். அப்போலோவுக்கு அந்தக் குதிரையோடு இப்படி ஒரு கதை கிடையாது. அவன் ஆயுதமும் வில். டெல்ஃபியில் பைத்தான் என்ற பெரும்பாம்பை அம்பெய்து கொன்றவன் கையில் இதில் வாள். அந்த வாளிலிருந்து குண்டு வருகிறது. சரி, போகட்டும்.

டைஃபோன் கதை இன்னும் நன்றாக இருக்கும். அவனோடு மோதியது சியூஸ். அதே தொகுப்பில் டைஃபோன் முதலில் ஜெயித்துவிடுகிறான், சியூஸின் கைகால் நரம்புகளை அறுத்துக் கரடித்தோலில் சுருட்டிக் குகையில் ஒளித்துவைக்கிறான். ஹெர்மிஸும் இன்னொருவனும் போய்த் திருடிக்கொண்டு வந்து திரும்பப் பொருத்தியபிறகுதான் சியூஸுக்கு வெற்றி. கடைசியில் டைஃபோன்மேல் எட்னா மலையைத் தூக்கிப் போடுகிறார். இதையெல்லாம் கேமாக எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் டைஃபோனிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டால், ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதுபடி ஓடினார்கள். தேவர்கள் எல்லாரும் எகிப்துக்கு ஓடிப்போய் மிருக வேஷம் போட்டு ஒளிந்துகொண்டார்கள். அப்போலோ காக்கை, அவன் சகோதரி பூனை. என் பெயரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம், அது தற்செயல்.

ஜப்பான்காரர்கள் இதை ஏன் இப்படி மாற்றினார்கள் என்றால், அந்தக் காலத்துக் கேமுக்கு ஒரு சிறையெடுப்பு வேண்டும், அவ்வளவுதான். ராவணன் இருக்கவேண்டும், அசோகவனம் இருக்கவேண்டும். சூரியனான அப்போலோவுக்கு ஜோடி நிலாவான ஆர்ட்டெமிஸ் என்று பார்த்திருப்பார்கள், உடன்பிறப்பு முறையெல்லாம் பார்த்திருக்கமாட்டார்கள். அக்காள் தம்பி என்று எழுதியிருந்தாலும் அதே வேகத்தோடு போய்க் காப்பாற்றலாமே, என்ன குறைந்துவிடும்?

ஆயர்ஈத்தாம் பையன்:

அக்கா, தங்கையிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவள் இப்போது மெடூசா ஸ்டேஜ் வரும்போதெல்லாம் “அம்மாவைச் சுடாதே” என்று குதிரைக்காகக் கத்துகிறாள். விளையாட முடியவில்லை.

செந்தூல் அண்ணன் சொன்ன மாதிரி அட்வான்ஸ்ட் போட்டேன், ஐந்தாவது ஸ்டேஜ் வந்தது! அங்கேயே செத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் சார்ஜ் பிடித்து அடிக்கிற ருசி தெரிந்துவிட்டது. கேசட்டையும் திறந்து பார்த்தேன், கால் வைத்த சிப், எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது. பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் வந்தது.

இன்னொரு கேள்வி. ஸ்விட்ச் வைக்க எனக்குச் சாலிடர் பழக்கமில்லை. ஆன்லைனில் ஒருவர் ஜப்பான் மெகா டிரைவ் முதல் மாடல், அடாப்டரோடு 180 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார். 60இல் ஓடும் என்பதால் அதை வாங்கிவிடலாமா? அப்படியே சுவரில் சொருகிவிடலாம்தானே?

பழைய சர்க்யூட்:

சொருகாதீர்கள்!!

ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 240. சொருகிய கையோடு புகை வரும், அடாப்டர் மட்டும் போனால் உங்கள் அதிர்ஷ்டம். பிளக் இரண்டு தட்டைக் கால், நம் மூன்று ஓட்டை சாக்கெட்டில் போகாது, ஆனால் டிராவல் பிளக் வைத்துச் சொருகிவிடுகிற புத்திசாலிகள் நிறையப் பேர். டிராவல் பிளக் காலை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. எரிந்த மெஷினோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான்.

மெஷினை வாங்குங்கள், அடாப்டரைப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். இங்கேயே 240இல் ஓடுகிற வேறு அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். முதல் மாடலுக்கு 9 வோல்ட் டிசி, 1.2 ஆம்பியருக்குக் குறையாமல், பிளக்கின் நடுப்பகுதி மைனஸ். இந்த நடு மைனஸ் என்பதை மறக்காதீர்கள், கடையில் கிடைக்கிற பெரும்பாலானவை நடு பிளஸ். இரண்டாவது மாடல் வேறு: 10 வோல்ட், 0.85 ஆம்பியர், நடு பிளஸ். அதன் முனையும் வேறு. ஒன்றின் அடாப்டரை மற்றதில் மாட்டப் பார்க்காதீர்கள்.

உங்கள் மாமா மெஷின் முதல் மாடலாக இருந்தால் அதன் அடாப்டரே இதற்கும் ஆகும். மேலே பெரிய வட்டம் போட்டு, முன்பக்கம் ஹெட்போன் ஓட்டையும் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற தள்ளு பட்டனும் இருந்தால் அதுதான் முதல் மாடல். அடாப்டரின் ஸ்டிக்கரை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். டிவியும் பாருங்கள், ஜப்பான் மெஷின் என்டிஎஸ்சி, அதாவது 60இல் ஓடுகிற முறை. இப்போது கடையில் விற்கிற எல்சிடி டிவி பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும், மாமா காலத்து டிவி என்றால் மல்டி சிஸ்டமா (இரண்டு முறையையும் எடுக்குமா) என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிறைக்காரன்:

180 வெள்ளிக்கு மெஷின், அப்புறம் கேபிள், அப்புறம் டிவி. இதைத்தான் 50 வெள்ளி கேசட் என்று ஆரம்பித்தார்.

ஆயர்ஈத்தாம் பையன்:

ஹாஹா. மாமாவின் மெஷின் முதல் மாடல்தான், அடாப்டரில் நடு மைனஸ் படம் இருக்கிறது. டிவி எல்சிடி. விற்பவரிடம் பேசியாகிவிட்டது, அடாப்டர் வேண்டாம் என்றதும் 10 வெள்ளி குறைத்தார்.

செந்தூல் ரயில்:

60இல் போட்டதும் முதல் இரண்டு நாள் கை தடுமாறும், சார்ஜ் பட்டை நீங்கள் பழகினதைவிடச் சீக்கிரம் நிரம்பும், குண்டும் சீக்கிரம் வரும். மெதுவான வேகத்தில் பழகிய நேரக்கணக்கை எல்லாம் விட்டுவிட்டு நோவிஸில் ஒரு சுற்று போய்விட்டு அட்வான்ஸ்டுக்கு வாருங்கள். ஐந்தாவது ஸ்டேஜ் தாண்டினால் இங்கே எழுதுங்கள். அலுத்துப்போய் விற்கிற எண்ணம் வந்தால் கேசட்டை வேறு எங்கும் போடவேண்டாம், நான் 90 வெள்ளி தருகிறேன், பினாங்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்.

நூலகப் பூனை:

100. தங்கச்சி வைத்துக்கொள்கிறேன் என்றால் நான் கேட்கமாட்டேன்.